தாழம்பூச் சுருள்

விசாலாக்ஷி முதல் மடலைக் கண்டெடுத்தது துவைக்கிற கல்லடியில். நனைப்பதற்கு முன்னால் புருஷனின் வேஷ்டியை உதறினாள். இடுப்பு மடிப்பிலிருந்து அது விழுந்தது. மெல்லிசு, வெளிர்மஞ்சள், விரல் நீளம், ஓரம் சுருண்டிருந்தது. எடுத்து மோந்து பார்த்தாள். வெளிச்செண்ணெய் வாசனை. கொச்சி மட்டாஞ்சேரியில் தேங்காயெண்ணெய்க்கு அதுதான் பெயர், அங்கே இருக்கிற பெண்களின் தலைமுடிக்கெல்லாம் அந்த வாசனைதான். ஆக, இது தாழம்பூவின் உள்மடல். எண்ணெய் தடவின ஏதோ ஒரு தலையில் இருந்தது, இவர் இடுப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு பெண்பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

அது எழுபத்தெட்டாம் வருஷத்து மழைக்காலம். தாழம்பூவும் பூக்கிற காலம்தான்.

வெங்கிடராமன் என்கிற வெங்கிட்டு, பஜார் ரோட்டில் ஒரு மிளகு கம்பெனியில் கணக்கர். ஐம்பதைத் தொடப் போகிறவர். தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து இறங்கி வந்த குடும்பம். ஆபீஸ் விட்டதும் செருப்பைக் கழற்றிக்கொண்டே "விசாலம், காப்பி" என்று கூப்பிடுகிற மனுஷர். வேறு போக்கிடம் கிடையாது. அப்படிப்பட்டவர் வைகாசியிலிருந்து விளக்கு வைத்த பிறகுதான் வீட்டுக்கு வருகிறார். கேட்டால் கம்பெனியில் வேலை கூடுதலாம். வேலை கூடுதலானால் களைத்துப்போய் வரவேண்டும். இவரோ கிணற்றடியில் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு, ஏதோ சாதித்துவிட்டு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார்.

இது போதாதென்று அந்தக் குப்பி. மருந்து காலியான சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றில் சமையலறையில் பரணி என்கிற பீங்கான் சாடிக்குள்ளிருந்து எண்ணெய் எடுத்து நிரப்பி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"எண்ணெய் எங்க போறது?"

"ஆபீஸ் பூட்டு துருப்பிடிச்சிருக்குடீ. ரெண்டு சொட்டு விடணும்."

பூட்டாம். வாரத்துக்கு ஒரு குப்பி குடிக்கிற பூட்டு. எந்தக் கடன்காரியின் கூந்தலுக்கு என் வீட்டு எண்ணெய் போகிறதோ என்று விசாலாக்ஷிக்கு வயிறு எரிந்தது. தோசைக்கு விடும்போதுகூட ஒவ்வொரு சொட்டாக எண்ணி விட்டாள்.

எல்லாவற்றையும்விட அவளை அறுத்தது அவர் பார்வைதான். முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவது நின்றே போயிற்று. அவள் எதிரே வந்து நின்றால் தலையைச் சற்றே ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் அவள் காதைப் பார்த்துப் பேசுகிறார். தப்புப் பண்ணின ஆம்பிளைக்கு அந்தப் பார்வை வருமென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதோடு திடீர்க் கொஞ்சல் வேறு. காலையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, "விசாலம், நீ வாசியேன், உன் குரல்ல கேட்டா சுகமா இருக்கு" என்கிறார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் கழித்து இப்போதுதான் குரல் சுகமாக இருக்கிறதாம்!

இன்னொன்றைச் சொல்ல அவளுக்கே கூச்சம். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு, பெருவிரலின் பக்கத்தால் அவள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் மெதுவாக ஒரே கோடாகத் தடவிப் பார்க்கிறார். மேஜை விளிம்பையும் கதவுச் சட்டத்தையும் அதே மாதிரி தடவுகிறார். என்னத்துக்கு? அங்கே தொட்டதையும் இங்கே தொட்டதையும் ஒப்பிட்டுப் பார்க்கிறாரோ? நினைத்ததுமே கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் அவள் பட்டது கொஞ்சமா? மாமனார் கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் ரேழியில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு வேலை கிடையாது, ஒரு பேச்சு கிடையாது. காலடிச் சத்தம் கேட்டால் போதும், "யாரு?" என்பார். தண்ணீர்க் குடத்தோடு போனால் "யாரு?" வெறுங்கையோடு திரும்பினால் "யாரு?" வேறு யார் வரப்போகிறார்கள் அந்த வீட்டுக்கு? இவர்களுடைய ஒரே பெண் பம்பாயில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். விசாலாக்ஷி பதில் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டு, கடைசி மாசங்களில் பதிலே சொல்லாமல் கடந்து போவாள். அவருக்குக் கஞ்சி வடித்தபோது மணிக்கட்டில் ஊற்றிக்கொண்ட கொதிகஞ்சியின் தழும்பு இன்னும் மேடாக இருக்கிறது. காரியமெல்லாம் முடிந்து, துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பினபோது, அண்ணாவிடம் வாய்விட்டே சொன்னாள்: "போரும்ணா. இன்னொரு 'யாரு?'வுக்கு பதில் பறய இந்த ஜன்மத்துல என்னால ஆகாது. இனி ஒருத்தருக்குக் கண்ணு போச்சுன்னா, பெட்டியைக் கட்டிண்டு கல்பாத்திக்கு உங்காத்துக்கே வந்துடுவேன், ஆமா." அண்ணா சிரித்தார். வெங்கிட்டு அடுத்த அறையில் செம்புப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அது போகட்டும். மடல்கள் வந்துகொண்டே இருந்தன. சட்டை மடிப்பில் ஒன்று, துண்டின் ஓரத்தில் ஒன்று. ஒவ்வொன்றையும் பழைய குங்குமச் சிமிழில் போட்டு, அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். முதலில் வந்தவை தடியாக, நடுவில் கிழிந்து, பிய்ந்து கிடந்தன. போகப்போக நீண்டு, முழுசாக, வெங்காயத் தோல் மாதிரி ஆயின. விசாலாக்ஷி உட்கார்ந்து யோசித்தாள். முதலில் அவசரத்தில் பிய்த்த மடல். இப்போது நிதானமாக ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறார். உறவு முற்றிவிட்டது. அவள் மூளை அப்படி வேலை செய்தது, என்ன பண்ணுவது!

ஒருநாள் சாப்பாடு போடும்போது லேசாக விட்டுப் பார்த்தாள்.

"இப்போ தாழம்பூ காலமாக்கும், இல்லையா?"

"ஆயிருக்கும்."

"உங்களுக்கு அந்த வாசனை இஷ்டமோ?"

"எனக்கு என்னத்துக்குடீ தாழம்பூ?" என்று சொல்லிவிட்டு முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். இலையில் வைத்த உப்பைத் தேடுகிற மாதிரி விரலால் துழாவினார். கள்ளம் இருக்கிற கைக்கு இலைகூடப் பிடிபடவில்லை பார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கடைசி ஆணியை அடித்தது பக்கத்து வீட்டு ஸ்வர்ணலதா. மதில் ஓரமாக வந்து நின்று, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமி, நான் பறஞ்சேன்னு யாரண்டையும் சொல்லப்படாது. மாமாவைப் பார்த்தேன், பஜார் ரோட்டுல. ஒரு பொம்மனாட்டி கையைப் பிடிச்சுண்டு போறார்."

"கையையா?"

"கையைத்தான். நல்ல கறுப்பா, லட்சணமா, தலை நிறையக் கனகாம்பரம். படகு ஜெட்டிக்குப் போற சந்துக்குள்ள ரெண்டு பேரும் நுழைஞ்சா. நான் கண்ணால கண்டதைத்தான் சொல்றேன்."

கனகாம்பரமோ தாழம்பூவோ, தலை ஒன்றுதானே. விசாலாக்ஷி உள்ளே வந்து தகரப் பெட்டியை இறக்கினாள். அழுதுகொண்டே புடவைகளை அடுக்கினாள், அடுக்கிவிட்டு அழுகையை நிறுத்தினாள். பெட்டியைப் பூட்டி, வாசலுக்குப் போகிற வழியில் ரேழி நடுவில் வேண்டுமென்றே வைத்தாள். காலையில் புறப்படும்போது கண்ணில் படட்டும். "எங்கே?" என்று கேட்கட்டும். கேட்டால் கொட்டித் தீர்த்துவிடலாம். மன்னிப்புக் கேட்டால், அதையும் யோசிக்கலாம்.

காலையில் வெங்கிட்டு வந்தார். நேரே போய்ப் பெட்டியில் மோதிக்கொண்டார். முழங்காலைத் தேய்த்துக்கொள்ளவில்லை. குனிந்து பெட்டியின் மூடியைத் தடவினார், பூட்டைத் தொட்டார், கயிற்று முடிச்சைத் தொட்டார். அப்படியே கொஞ்ச நேரம் குனிந்தபடி நின்றார். பிறகு நிமிர்ந்து, சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். காப்பிகூடக் குடிக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை!

விசாலாக்ஷி பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். பெட்டி கட்டினவளைப் பார்த்து "எங்கே போறே" என்றுகூடக் கேட்கவில்லை என்றால், போனால் போகட்டும் என்றுதானே அர்த்தம்? சனியன் விட்டது என்று சந்தோஷமாகப் போகிறார். சரி, போகிறேன். ராத்திரி ரயில் இருக்கிறது. ஆனால் போவதற்கு முன்னால் அந்த மகராசியின் முகத்தில் இந்தச் சிமிழை விட்டெறியாமல் போகமாட்டேன்.

ஆபீஸ் விடுகிற வேளைக்கு பஜார் ரோட்டில் ஒரு சாயாக்கடை மறைவில் நின்றாள். மழை விட்டு வெயில் அடித்தது. இஞ்சியும் மிளகும் ஏற்றின கைவண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. கம்பெனி வாசலில் வெங்கிட்டு வந்து நின்றார், காத்துக்கொண்டு நின்றார். எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் வந்தாள். ஸ்வர்ணலதா பொய் சொல்லவில்லை. கறுப்பாக, லட்சணமாக, தலை நிறையக் கனகாம்பரம். "வாங்க சாமி" என்று சர்வ சாதாரணமாக அவர் கையைப் பிடித்து, வண்டிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து கூட்டிக்கொண்டு போனாள். பட்டப்பகலில், ஊரே பார்க்க. விசாலாக்ஷி பின்னாலேயே போனாள்.

சந்தின் கோடியில் இஞ்சி கோடவுனுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. இருவரும் உள்ளே போனார்கள். இவள் ஓலைத் தட்டிக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். முதலில் பேச்சுச் சத்தமே இல்லை. பிறகு ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்... என்று நீளமாக ஒரு சத்தம், பட்டுப்புடவையைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. பிறகு வேறொரு ஆம்பிளைக் குரல் கேட்டது.

"ஆரம்பிக்கும்போது முன்னால உள்ள கையில பாரம், முடிக்கும்போது பின்னால உள்ள கையில பாரம். இல்லேன்னா பலகை ரெண்டு கோடியும் சரிஞ்சு போகும் சாமி. ஆங், அப்படித்தான்."

"இப்ப டர்ருங்கறதே?" இது வெங்கிட்டுவின் குரல்.

"மரம் எதிர்க்குது. பலகையத் திருப்பிப் போடுங்க. அது எந்தப் பக்கமா வளந்துச்சோ அந்தப் பக்கமாவே போகணும். காதுல கேட்டா போதும், பாக்க வேண்டாம்."

அவள் தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மேற்குப் பக்கம் முழுக்கத் திறந்த தச்சுப் பட்டறை அது. தரையெல்லாம் மடல்கள். மஞ்சள் மடல்கள், கணுக்கால் ஆழத்துக்கு. நடுவில் பட்டறைப் பலகையில் ஒரு பலாமரச் சட்டம். வெங்கிட்டு சட்டையைக் கழற்றிப் போட்டு, பூணூலைத் தோளில் சுற்றிக்கொண்டு, மரம் சீவுகிற இழைப்புளி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர் பக்கத்தில் அவளுடைய குப்பி. அதிலிருந்து ஒரு துணியில் எண்ணெய் தொட்டு, இழைப்புளியின் அடியில் தடவி, மறுபடியும் சட்டத்தின் மேல் வைத்துத் தள்ளினார். இழைப்புளியின் வாயிலிருந்து தாழம்பூ மடல் ஒன்று சுருண்டு சுருண்டு எழுந்து, வளர்ந்து, அவர் வேஷ்டியில் விழுந்தது. விசாலாக்ஷி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

முப்பது வயசுக்குள் இருக்கும் தச்சன் ஒருவன் உளியும் கையுமாக நிமிர்ந்தான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒச்சப்பன் அவன். கனகாம்பரக்காரி அவன் பெண்சாதி பேச்சியம்மாள். மூலையில் உப்புத்தாளால் நாற்காலிக் கால் தேய்த்துக்கொண்டிருந்தவள், "என்னம்மா வேணும்?" என்றாள்.

சாயங்கால வெயில் நேராக விசாலாக்ஷியின் முகத்தில் அடித்தது. வெங்கிட்டு தலையைத் தூக்கி, பத்தடி தூரத்திலிருந்து அவளை நேருக்கு நேர் பார்த்தார்.

"யாரு?" என்றார்.

அவள் தட்டியைப் பிடித்துக்கொண்டாள். அதே குரல். அப்பாவின் குரல் பிள்ளைக்கு அப்படியே வந்திருந்தது.

"மேசை பண்ணச் சொன்னவாளா? கிட்ட வந்து தொட்டுப் பாருங்கோ," என்றார் வெங்கிட்டு. "கண்ணால பாத்தா ஒண்ணும் தெரியாது. பெருவிரலால தடவினாத்தான் மேடு பள்ளம் புடிபடும். இதோ, இப்படி." பெருவிரலின் பக்கத்தைச் சட்டத்தின் மேல் வைத்து, ஒரே கோடாக நகர்த்திக்கொண்டு வந்தார். விசாலாக்ஷி கிட்டப் போயிருந்தாள். அவள் கை சட்டத்தின் மேல் கிடந்தது. அவர் விரல் மரத்திலிருந்து அவள் கைக்கு ஏறியது, மணிக்கட்டில் இருந்த தழும்பில் நின்றது.

"விசாலம்," என்றார். பிறகு, "ரயிலுக்குப் போகலையா?" என்றார்.

"கண்ணு..." என்றாள் அவள்.

"நடுவுல போயாச்சு. எறணாகுளத்து டாக்டர் பாத்துட்டுச் சொன்னார், அப்பாவோடது மாதிரியே. நேரா பாத்தா கறுப்பா ஒரு வட்டம். முகத்தைத் திருப்பினா உன் காது தெரியும், தோடு தெரியும். அதுவும் எத்தனை காலத்துக்குன்னு தெரியாது. ஆபீஸ்ல பூதக்கண்ணாடி வெச்சு ஒப்பேத்தறேன்." இழைப்புளியை ஓரமாகச் சாய்த்து வைத்தார். "ஒச்சப்பன் கம்பெனி மேசை செப்பனிட வந்தான். நான் தடவிப் பாத்து, இங்க மேடா இருக்குன்னேன். அவன் கண்ணுக்குத் தப்பினது என் விரலுக்குக் கிடைச்சுது. அப்பா மாதிரி அந்த நாற்காலியில உக்காந்துண்டு உன்னைக் கொல்லப்படாதுன்னுதான் கத்துண்டேன். கைக்கு ஒரு வேலை இருந்தா, வாய் யாரு யாருன்னு கேட்காது, இல்லையா?"

"என்னண்ட சொல்லக்கூடாதா?"

"சொன்னா போயிடுவேன்னு நீதானே அண்ணாகிட்டப் பறஞ்சே. நான் கேட்டேன். உன்மேல தப்பில்லை, அப்பாகிட்ட நீ பட்டது போரும். இன்னிக்குப் பெட்டி கால்ல இடிச்சுது. தெரிஞ்சுபோச்சு, கிளம்பிட்டாள்னு நினைச்சேன். தடுக்க எனக்கென்ன நியாயம் இருக்கு?"

விசாலாக்ஷிக்கு ஒரு கணம் இன்னொரு பெண்ணாகவே இருந்திருக்கக்கூடாதா என்று தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. பெண்ணென்றால் மயிரைப் பிடித்து இழுக்கலாம், ஊரைக் கூட்டலாம், சிமிழை முகத்தில் எறியலாம். இதை யார் முகத்தில் எறிவது? கோபம் வந்தது, வெட்கம் வந்தது, பயம் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வந்தது. அழுகைக்கு நடுவில் இடுப்பிலிருந்து சிமிழை எடுத்துத் திறந்து, அவர் உள்ளங்கையில் கவிழ்த்தாள்.

"நான் ஒண்ணும் அதுக்குப் பெட்டி கட்டலை! இது ஆரோட தலைப் பூவுன்னு கேக்கத்தான் வந்தேன்!"

வெங்கிட்டு மடல்களை ஒவ்வொன்றாக விரலில் உருட்டினார். அவருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "பூவா?" என்றார். "இது பலாடீ. இதோ இந்தத் தடிச்சுருள் நான் முதல்முதலாத் தள்ளினது. இழைப்புளித் தகடு ரொம்ப வெளிய நீட்டிண்டிருந்து மரத்தைக் கடிச்சுடுத்து. பாரு, பிஞ்சிருக்கு." அப்புறம்தான் அவர் சிரித்தார். பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆத்தாடி, எந்தலையிலயா தாழம்பூ தேடுனீக? இந்த மனுசன் ஒரு முழம் கனகாம்பரம் வாங்கித் தரவே மூக்கால அழுவாரும்மா. சாமிக்கு ரோட்டுல வண்டி தெரியல, அதான் கையப் பிடிச்சேன்."

"இனிமே நான் பிடிச்சுக்கறேன்," என்றாள் விசாலாக்ஷி. கொஞ்சம் விறைப்பாகவே சொன்னாள். நன்றி சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

பஜார் ரோட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் கையைப் பிடித்ததில்லை. வீட்டுக்கு வந்தபோது மதில் ஓரத்தில் ஸ்வர்ணலதா நின்றுகொண்டிருந்தாள், வாயைத் திறந்தவள் மூடவில்லை. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று விசாலாக்ஷி பிடியை இறுக்கினாள்.

வாசற்படி ஏறினதும் "நில்லுங்கோ" என்று அவரை நிறுத்தினாள். ரேழி நடுவில் பெட்டி அப்படியே கிடந்தது. கறகறவென்று இழுத்துச் சுவரோரம் மூலைக்குத் தள்ளினாள். மாமனாரின் சாய்வு நாற்காலியையும் மடக்கிப் பரணுக்கு ஏற்றினாள். "பெட்டியை மூலையில வெச்சிருக்கேன். இனிமே அது அங்கேயேதான் இருக்கும், இடம் மாத்த மாட்டேன்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

காப்பியோடு திரும்பி வந்தபோது ரேழியில் இருட்டிவிட்டிருந்தது. வெங்கிட்டு கதவுச் சட்டத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டு நின்றார். காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினார்.

"யாரு?" என்றார். கேட்டபிறகு, கேட்டிருக்கக்கூடாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. விரல் சட்டத்திலேயே நின்றுபோயிற்று.

விசாலாக்ஷி டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான்," என்றாள். "வேற எவ வந்துடுவா இந்த ஆத்துக்கு? வந்துதான் பாக்கட்டுமே."